அயர்லாந்துக்காரர்களைக் கப்பல் ஏற்றியது கிழங்கு நோய் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்து மக்கள் அமெரிக்காவில் குடியேறிய கதையைச் சென்ற இதழில் விறுவிறுப்பாகத் தந்திருந்தீர்கள். பாஸ்டன், நியூயார்க் பகுதிகள் அருமை. ஆனால் அவர்கள் ஊரை விட்டுக் கிளம்பிய காரணத்தை, உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது, பஞ்சம் வந்தது என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். எனக்கு அதில்தான் குறை.

நோய் விழுந்தது உண்மை. 1845-ல் அது பெல்ஜியம், ஹாலந்து வயல்களிலும்தான் விழுந்தது. அங்கெல்லாம் அயர்லாந்து அளவுக்குச் சாவு இல்லை. அயர்லாந்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் மடிந்தார்கள், அதற்குக் குறையாத எண்ணிக்கையில் வெளியேறினார்கள். தானியமும் வெண்ணெயும் குத்தகைப் பணத்துக்காக விற்றுத் தீர்ந்தன. குடியானவன் வயிற்றுக்கு மிஞ்சியது கிழங்கு ஒன்றுதான். பஞ்ச காலத்திலும் உணவு ஏற்றுமதி நிற்கவில்லை.

1847 கோடையில், அப்போது அயர்லாந்தை ஆண்டுவந்த லண்டன் அரசு கஞ்சித் தொட்டி திறந்தது. ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குச் சுமார் 30 லட்சம் பேர் அங்கே பசியாறினார்கள். ஆக, லண்டன் நினைத்தால் சோறு போட முடியும். ஆனால் இலையுதிர் காலத்துக்குள் எல்லாவற்றையும் மூடிவிட்டு, அயர்லாந்தின் ஏழைகளை அயர்லாந்தின் உள்ளூர் வரியே பார்த்துக்கொள்ளட்டும் என்று கைகழுவினார்கள்.

அதே ஆண்டு வந்த சட்டத்தில் ஒரு பிரிவு, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது என்றது. நம் கணக்கில் 25 சென்ட். கஞ்சி வேண்டுமா, நிலத்தை விடு! விட்டவர்களின் குடிசைகள் இடிக்கப்பட்டன. சின்னக் குத்தகைகளுக்கான ஏழை நிவாரண வரி நிலச்சுவான்தார் தலையில் விழுந்ததால், ஆட்களைக் கிளப்பிவிடுவது அவர்களுக்கு லாபமாகவும் இருந்தது. சிலர் கப்பல் கூலியும் கொடுத்து அனுப்பினார்கள். தர்மம் என்று நினைக்க வேண்டாம், வரி கட்டுவதைவிட அது மலிவு. கனடாவில் கியூபெக் அருகே குரோஸ் ஈல் என்ற தீவில் கப்பல்களை நிறுத்தி, வந்தவர்களுக்கு நோய் உண்டா என்று சோதித்தார்கள். 1847-ல் அந்த ஒரு தீவில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டனர்.

இந்த இடத்தில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அந்தக் கால் ஏக்கர் பிரிவைக் கொண்டுவந்த வில்லியம் கிரெகரி பின்னாளில் இலங்கையின் ஆளுநரானார். நுவரெலியாவில் சுற்றுலாப் பயணிகள் படகு விடும் கிரெகரி ஏரி அவர் பெயரில் உள்ளதுதான். நிவாரணப் பணத்தின் முடிச்சைக் கையில் வைத்திருந்த கருவூல அதிகாரி சார்லஸ் டிரெவெல்யனோ 1859-ல் சென்னைக்கே ஆளுநராக வந்தார். சென்ட்ரல் பக்கம் 'உயிர் காலேஜ்' என்ற மிருகக்காட்சிசாலை இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் உருவாக்கியது. வருமான வரி வேண்டாம் என்று கல்கத்தாவில் இருந்த மத்திய அரசோடு மோதிப் பதவி இழந்ததால் இங்கே அவருக்கு நல்ல பெயர். அயர்லாந்தில் அந்தப் பெயரே கசப்பு. எல்லாப் பழியையும் ஓர் அதிகாரி மேல் போடுவது நியாயமில்லைதான். மேலே பிரதமர் ஜான் ரஸ்ஸலும் நிதியமைச்சர் சார்லஸ் வுட்டும் இருந்தார்கள். ஆனால் பஞ்சம் ஓயும் முன்பே, 1848-ல், அது ஏதோ கடவுள் நல்லதுக்குச் செய்தது போல எழுதியவர் டிரெவெல்யன். அதை எப்படி மறப்பது?

அப்புறம், பஞ்சத்தோடு வெளியேற்றம் நின்றுவிட்டது போன்ற எண்ணத்தைக் கட்டுரை தருகிறது. நிற்கவில்லை. முதலில் போனவர் அனுப்பிய பணத்தில் தம்பி, தங்கை என்று அடுத்தடுத்துக் கிளம்பினார்கள். 1841-ல் அயர்லாந்துத் தீவில் சுமார் 82 லட்சம் பேர். இன்று பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்தையும் சேர்த்தே 70 லட்சத்தைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான்.

அப்படிப் போனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள், பெரும்பாலும் கல்யாணமாகாதவர்கள். அமெரிக்க வீடுகளில் சமையலும் எடுபிடி வேலையும் செய்து ஊருக்குப் பணம் அனுப்பிய அவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. தொடர்ச்சி வருவதாக இருந்தால், கட்டுரையாளரை அவர்களிடமிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.