வீட்டு வரி பற்றி சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. பேத்தி தமிழில் எழுதிப் பழகுகிறாள் என்று படித்ததும் என் மனைவிக்கு அப்படியொரு சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. குடியிருப்போர் சங்கத்தில் என்னைப் பொருளாளராகப் போட்டுவிட்டார்கள், பொழுது போய்விடுகிறது.

கலிபோர்னியாவின் இர்வைனில் உன் மகன் வீட்டு வரிச் சீட்டைப் பார்த்து அலுத்துக்கொண்டிருந்தாய். மதிப்பில் ஒரு சதவீதம் போதாதென்று மெல்லோ-ரூஸ் என்று வேறு வாங்குகிறார்களே, எதற்கு என்று கேட்டிருந்தாய். புதுக் குடியிருப்புக்கு ரோடு, பள்ளிக்கூடம், சாக்கடை போட கடன் பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்கியிருப்பார்கள். அதை அடைக்க அந்தப் பகுதிக்காரர்களிடம் மட்டும் வாங்கும் வரி அது. 1982-இல் வந்த சட்டம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஏன் என்றால், நம் ஆலந்தூரே அப்படித்தான் செய்தது. நினைவிருக்கிறதா? தொண்ணூறுகளின் கடைசியில் ஆர்.எஸ். பாரதி நகராட்சித் தலைவராக இருந்தபோது, பாதாள சாக்கடை வேண்டுமானால் வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். குழாயே பதிக்காத நேரம். கழிவுநீர் லாரிக்குக் காத்துக்கிடந்த ஜனங்கள்தான், ஆனாலும் தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு, எவ்வளவு செலவு, எவ்வளவு கடன் என்று விளக்கியதும் நம்பிக் கட்டினார்கள். மீதிக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் கடன் கொடுத்தது. மஞ்சளேறிப்போன அந்த ரசீது வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் இன்னும் இருக்கிறது. காசு எங்கே போகிறது என்று தெரிந்தால் நம் ஜனங்கள் கட்டுவார்கள் சேகர். நான் கண்ணால் பார்த்தது.

2011-இல் ஆலந்தூரும் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 174 சதுர கிலோமீட்டர் நகரம் 426 ஆனது. பரப்பு பெருகிய அளவுக்கு வருமானம் பெருகவில்லை. சென்னையில் சொத்து வரியை 1998-இல் மாற்றியமைத்ததோடு சரி. நடுவில் 2018-இல் உயர்த்தி, எதிர்ப்பு வந்ததும் மறு வருஷமே நிறுத்திவைத்தார்கள். பிறகு 2022-இல்தான் தொட்டார்கள். 24 வருஷம்! டீசல், சிமென்ட், சம்பளம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது, வரி மட்டும் அசையவில்லை. கடைசியில் ஒரேயடியாக, பழைய நகர எல்லைக்குள் சின்ன வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம். எங்கள் மாதிரி சேர்ந்த பகுதிகளுக்குக் கொஞ்சம் குறைவு, எனக்கு 50 சதவீதம் ஏறியது. அதுகூட, வரியை ஒழுங்குபடுத்தினால்தான் மானியம் என்று மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டதால் நடந்தது. உங்கள் ஊரில் வரிக்கான வீட்டு மதிப்பை வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாதென்று 1978-இலேயே கட்டிவைத்துவிட்டார்கள். அதிலும் கோளாறு உண்டு. பழைய ஆள் கொஞ்சமாகக் கட்ட, புது விலையில் நேற்று வாங்கியவன் தலையில் சுமை. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, யாரும் பதறுவதில்லை.

தொழில் வரியைக் கேட்டால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1988-இல் வைத்த வரம்பு. மாதம் 13,000 வாங்கும் கடைப்பையனும், பழைய மகாபலிபுரம் சாலையில் மூன்று லட்சம் வாங்கும் பொறியாளரும் இங்கே கட்டுவது அதே 2,500. மாநகராட்சியே நினைத்தாலும் மாற்ற முடியாது. விளம்பர வரி ஜிஎஸ்டி வந்ததும் போய்விட்டது. மிச்சத்துக்குப் பத்திரப்பதிவில் வரும் 2 சதவீதப் பங்கையும், மாநில நிதி ஆணையம் சொல்லும் பங்கையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். இதில் 2016 முதல் 2022 வரை கவுன்சிலரே கிடையாது. தேர்தல் நடத்தாததால் மத்திய மானியமும் நின்றது. குப்பைக்கும் விளக்குக்கும் பதில் சொல்ல வேண்டிய அமைப்பு, காசுக்கு மட்டும் கோட்டையையும் டெல்லியையும் பார்த்து நிற்கலாமா? எனக்கு மனசு ஆறவில்லை.

ஒரு நல்ல செய்தி. 2025 மே மாதம் மாநகராட்சி 200 கோடிக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. 7.97 சதவீத வட்டி. பணம் கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியின் மழைநீர் வடிகாலுக்கு. வட்டி மட்டும் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 16 கோடி. மழைநீருக்கு யாரும் கட்டணம் கட்டப்போவதில்லை, ஆக எங்கள் வரியிலிருந்துதான் அடைக்க வேண்டும். ஆனால் சந்தையில் பத்திரம் போட்டுவிட்டால் கணக்கை ஒளித்துவைக்க முடியாது. அதற்காகவே வரவேற்கிறேன். கடன் என்றால் பயமும் உண்டு. இர்வைன் இருக்கும் உங்கள் ஆரஞ்சு கவுண்டியே (நம் மாவட்டம் மாதிரி) 1994 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது தெரியுமோ? கவுண்டியின் பொருளாளர் பொதுப்பணத்தோடு கடனும் வாங்கி வட்டி விகிதத்தை நம்பிய முதலீட்டில் போட்டு, 160 கோடி டாலர் அளவுக்கு நஷ்டம். இத்தனைக்கும் அவர் ஜனங்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர்.

நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை கூடுகிறது. எங்கள் வார்டில் எவ்வளவு வரி வசூலானது, அதில் வார்டுக்கு எவ்வளவு செலவானது என்று இரண்டையும் எழுத்தில் கேட்கப்போகிறேன். உங்கள் நகராட்சி பட்ஜெட்டில் அப்படிப் பகுதிவாரியாகப் போடுகிறார்களா? மகனைக் கேட்டு எழுது, காட்டி வாதாட உதவும். மார்கழிக் கச்சேரிக்கு வருகிறாயா இல்லையா என்பதையும் சேர்த்து எழுது. டிக்கெட் சொல்லிவைக்க வேண்டும்.

அன்புடன்,
முரளி
ஆதம்பாக்கம், சென்னை