உளவியல் படித்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கொடுங்கள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் மாண்புமிகு அமைச்சர், செயலாளர், இயக்குநர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். படிப்பை முடித்துவிட்டு வெளியே போகும் பிள்ளைகள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மேம், குழந்தைங்களோட வேலை பார்க்கணும். எங்கே போய்க் கேக்கறது?" அவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

அவர்களுடைய நிலைமையை முதலில் சொல்கிறேன். தனியார் பள்ளியில் ஆலோசகர் வேலைக்குப் போனால் முன் அனுபவம் கேட்கிறார்கள். அனுபவம் தேடிப் போனால், 'இன்டர்ன்ஷிப்' என்ற பெயரில் பிள்ளைகளிடமே பணம் வாங்கிக்கொண்டு, சில நாள் உட்கார வைத்து, சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அதை வாங்கிக்கொள்கிறது. அரசுப் பள்ளியில் படித்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளை, ஆறு மாதம் அலைந்துவிட்டு ஏதோ ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலோ கால் சென்டரிலோ சேர்ந்துவிடுகிறது. மாணவர்களின் மொழியும் வீட்டுச் சூழலும் தெரிந்த பிள்ளைகள்தாம் இப்படி நம் கையை விட்டுப் போகிறார்கள். எனக்கு ஆறாத வருத்தம் இதில்தான்.

பள்ளிகளுக்கு ஆள் தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். 2025 ஜூலையில் சுக்தேப் சாஹா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும், குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதற்கு முன்பே, நாங்குநேரியில் ஒரு மாணவன் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில் பள்ளி நல அலுவலர் என்ற பணியிடத்தைப் பரிந்துரைத்தது. பரிந்துரை இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. பள்ளிக்குள் வந்து நிற்கும் ஆள்தான் இல்லை.

நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. பள்ளிக் கல்விக்கான 14417 உதவி எண் இருக்கிறது. குழந்தைகளுக்கான 1098 உதவி எண் இருக்கிறது. பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட, பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி வைத்தீர்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எட்டாம் வகுப்புச் சிறுமி தனக்கு நடந்ததைத் துண்டுச் சீட்டில் எழுதிப் போட வேண்டுமென்றால், நடந்தது தவறு என்று அவளுக்கு முதலில் தெரிய வேண்டும். எழுதினால் அடி விழாது என்ற நம்பிக்கையும் வர வேண்டும். தினமும் பார்த்துப் பழகிய முகத்திடமிருந்துதான் அந்த நம்பிக்கை வரும்.

நான் கேட்பது இதுதான்: அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உளவியல் பட்டதாரிகளுக்கு இரண்டு ஆண்டு உதவிப் பணி ஒன்றை உருவாக்குங்கள். அந்தப் பணிக்கு 'ஆலோசகர்' என்ற பெயர் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். பட்டம் வாங்கிய மறுமாதமே ஒரு பிள்ளையைத் தனியறையில் உட்கார வைத்துச் சிகிச்சை தரும் தகுதி யாருக்கும் வந்துவிடாது. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் மாணவியை, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது வரைதான் இவர்களின் வேலை.

அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை மலையளவு இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் வராமல் போகும் பையன் எங்கே போகிறான் என்று பார்க்க வேண்டும். மதிய உணவு வேளையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். ஏழாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையோடு தினம் அரைமணி நேரம் செலவிட்டு, சிக்கல் கண்ணிலா, காதிலா, கற்றல் குறைபாடா, வீட்டிலா என்று குறித்துவைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் இயலாமைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கிடைக்க வழியிருக்கிறது. ஆனால் குறைபாடு கண்ணில் படுவதே பத்தாம் வகுப்பில்தான் என்றால், அதற்குள் அந்தப் பிள்ளை தன்னை மக்கு என்று நம்பிவிடுகிறது. மாற்றுத்திறன் மாணவர்களுக்கு உதவும் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் பல பள்ளிகளுக்கு ஓடுகிறார்கள். பள்ளியிலேயே இருந்து கவனித்து அவர்களிடம் சொல்ல ஓர் ஆள் இருந்தால் அவர்களுடைய வேலையும் பாதி சுலபமாகும்.

வகுப்பாசிரியர்களே இதையெல்லாம் செய்யலாமே என்பீர்கள். நெஞ்சில் ஈரமுள்ள ஆசிரியர்கள் இன்றும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். பாடம், தேர்வு, மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றும் எமிஸ் பதிவேற்றம், நலத்திட்டப் பொருள் விநியோகம் எல்லாம் போக அவர்களிடம் மிஞ்சும் நேரம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். இதை ஒட்டி எனக்கு ஓர் அச்சமும் உண்டு. புதிதாக ஓர் இளைஞர் பள்ளிக்கு வந்தால், மறுநாளே அவரைக் கணினி முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள், அல்லது ஆசிரியர் வராத வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். எனவே என்னென்ன வேலை செய்யலாம், எதைச் செய்யச் சொல்லக் கூடாது என்று அரசாணையிலேயே எழுதிவிடுங்கள்.

பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாமல் ஒருவரைக்கூடப் பள்ளிக்குள் அனுப்பாதீர்கள். போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிய வந்தால் புகார் செய்தே ஆக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சொல்லு" என்று ஆசையாக வாக்குக் கொடுத்துவிடும் 22 வயதுப் பெண்ணுக்கு, அந்த வாக்கைத் தான் கொடுக்கவே கூடாது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கேட்ட கதைகளைச் சுமந்துகொண்டு இரவில் தூங்க முடியாமல் போனால் அவள் யாரிடம் பேசுவாள் என்பதையும் நாம்தான் யோசிக்க வேண்டும். வாரம் ஒருமுறை, வட்டாரத்துக்கு ஒரு மூத்த உளவியலர், சனிக்கிழமை இரண்டு மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்தால் போதும்.

சம்பளத்தைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படப் போவதில்லை. மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்களுக்குத் தந்த மாதம் 1,000 ரூபாய் இதற்குச் சரிப்படாது. தன்னார்வலர் மாலையில் வந்து போவார். இது முழுநாள் வேலை. பஸ்ஸுக்கும் வாடகைக்கும் கட்டுப்படியாகாத தொகை என்றால் ஏழை வீட்டுப் பட்டதாரி இந்தப் பக்கமே வர மாட்டார். நாளைக்கு இவர்களும் நிரந்தரம் கேட்பார்கள் என்ற தயக்கம் துறைக்குள் இருக்கலாம். 2012இல் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்கள் இத்தனை ஆண்டுகளாகப் போராடி வருவதை நானும் பார்க்கிறேன், அவர்கள் கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன். அதனால்தான் தொடக்கத்திலேயே இதைப் பயிற்சிக் காலம் என்று அறிவித்துவிடச் சொல்கிறேன். இரண்டு ஆண்டு, முடிவில் அரசு தரும் அனுபவச் சான்று, பள்ளி நல அலுவலர் பணியிடம் வரும்போது அதில் முன்னுரிமை. இங்கிலாந்தில் கல்வி உளவியலருக்கான முனைவர் பட்டப் பயிற்சியில் சேரவே, குழந்தைகளோடும் இளையோரோடும் வேலை பார்த்த அனுபவம் வேண்டும். அதற்காக உளவியல் பட்டதாரிகள் பள்ளிகளில் வகுப்பறை உதவியாளராகச் சம்பளத்துக்குச் சேர்கிறார்கள். இங்கே அந்தப் படிக்கட்டையே நாம் கட்டவில்லை.

மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்குங்கள் என்று கேட்கவில்லை. வரும் ஜூனில் ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோவை என்றால் பாரதியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது. சென்னை என்றால் 1943 முதல் இயங்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துறை இருக்கிறது. பள்ளி திறப்பதற்கு முன் மே மாதத்தில் பயிற்சியை முடித்துவிடலாம். பயிற்சிப் பாடத்தையும் பணி வரையறையையும் எழுதித் தர நான் தயார். சனிக்கிழமை மேற்பார்வைக்கும் வருகிறேன், அதற்கு எனக்கு மதிப்பூதியம் வேண்டாம். எந்த நாள், எந்த அலுவலகம் என்று மட்டும் சொல்லுங்கள்.

நம்பிக்கையுடன்,
உளவியல் ஆசிரியை ஒருவர்
கோயம்புத்தூர்