வசனத்தைக் குறை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் திரைக்கதை வந்தது. வாள், மந்திரவாதி, மலைக்கோட்டை எல்லாம் சரி. ஆனால் முதல் நான்கு பக்கமும் வசனமாகவே இருக்கிறது. திருத்த உட்காருமுன் 1982இல் வந்த ‘கோனன் தி பார்பேரியன்’ படத்தின் தொடக்கத்தைப் பார். அர்னால்டின் புஜபலப் படம் என்று ஒதுக்கிவிடாதே. இயக்குநர் ஜான் மிலியஸ் அதில் பேச்சை நம்பவில்லை, படத்தையும் இசையையும் நம்பினார்.

கிராமம் சூறையாடப்படும் காட்சியை இரண்டு முறை பார். வில்லன் துல்சா டூமாக வரும் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் வாயே திறப்பதில்லை. கண்ணாலேயே சிறுவன் கோனனின் தாயைக் கட்டிப்போடுகிறான். அவள் ஓங்கிய வாள் மெல்லத் தாழ்கிறது. போய்விடுவான்போலத் திரும்புகிறான், சட்டென்று வீசுகிறான். அந்த வீச்சைவிட நெஞ்சைப் பிடிப்பது, மகன் பற்றியிருந்த அவள் கை நழுவுவதும், சிறுவன் தன் வெறுங்கையைப் பார்ப்பதும்தான். அடுத்து, அடிமைச் சிறுவர்கள் தள்ளும் பெரிய மரச்சக்கரம். பருவங்கள் மாறுகின்றன, ஒவ்வொருவராகக் குறைகிறார்கள், கடைசியில் ஒருவன் மட்டும் தலை நிமிர்கிறான். அவன்தான் வளர்ந்த கோனன். பல வருடக் கதை, ஒரு வசனம் இல்லை.

இது சாத்தியமானது பாசில் பொலிடூரிஸின் இசையால். தாக்குதலில் லத்தீன் கோரஸ், பெயர்கள் ஓடும்போது முரசும் கொம்புகளும். படம் திரையரங்குக்கு மோனோவில், அதாவது ஒற்றைத் தட ஒலியில்தான் வந்தது, அது பெரிய இழப்பு. அதனால் இசைத்தட்டைத் தனியாகவும் கேள்.

ஒன்றை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. வாள் செய்யும் காட்சியில் உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றுகிறார்கள், பனியில் செருகுகிறார்கள். நிஜத்தில் எஃகு வாளை வார்ப்பதில்லை, அடித்து நீட்டுவார்கள். பனியில் செருகினால் சுற்றி ஆவி மூடி, ஒரு பக்கம் முந்தி ஆறி, அலகு கோணிவிடும். திரையில் அழகு, அவ்வளவுதான். சூனியக்காரி வரும் பகுதியும், பெண்களைக் காட்டும் விதமும் எனக்கு ஒப்பவில்லை. வாள்வீராங்கனை வலேரியா விதிவிலக்கு. அந்த வேடத்தில் வரும் சாண்டல் பெர்க்மன் நடனக்காரர், அது அவர் வாளைச் சுழற்றும்போதே தெரியும்.

உன் கோட்டைக்கு வருகிறேன். ஸ்பெயினில் எடுத்த அந்தப் படத்துக்கு மினியேச்சர் செய்தவர் எமிலியோ ரூயிஸ் டெல் ரியோ. சிறு மாதிரியைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்து, தூரத்து நிஜ நிலத்தோடு ஒரே ஷாட்டில் இணைப்பதில் அவர் கைதேர்ந்தவர். உன்னாலும் முடியும். நடிகர்கள் நாற்பது மீட்டரில், மாதிரி இரண்டு மீட்டரில் என்றால் அளவு இருபதில் ஒன்று. 12 மீட்டர் கோபுரத்துக்கு 60 சென்டிமீட்டர் போதும். 24 எம்எம் லென்ஸ், லென்ஸ் துவாரம் சிறிதாக எஃப் 16, ஃபோகஸ் இரண்டு மீட்டரில் வை. மாதிரியும் ஆட்களும் சேர்ந்தே தெளிவாக விழும். அதற்கு நல்ல வெயில் வேண்டும். மாதிரியும் நிஜ நிலமும் சேரும் கோட்டைப் பாறை விளிம்பிலோ புதரிலோ மறை.

கெடுவது பெரும்பாலும் மூன்று விஷயத்தால். காற்றில் மாதிரி ஆடும். யூனிட் ஆட்களின் நிழல் அதன்மேல் விழும். கேமராவைத் திருப்பினால் கோபுரம் தரையைவிட்டு நகரும், ஏனென்றால் கிட்டப் பொருளும் தூரப் பொருளும் விலகாமலிருக்க கேமரா லென்ஸின் நோடல் பாயிண்ட் என்ற புள்ளியைச் சுற்றித் திரும்ப வேண்டும், சாதாரண டிரைபாடில் அப்படித் திரும்பாது. அந்தப் புள்ளியைச் சுற்றித் திருப்பும் நோடல் ஹெட் வாடகைக்குக் கிடைத்தால் எடு, இல்லாவிட்டால் ஷாட்டை அசைக்காதே.

லொகேஷன் போட்டோவும், நடிகர் நிற்கும் தூரமும் அனுப்பு. மாதிரியின் அளவைக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா