இணையத்தளம் செய்துதரும் நிறுவனங்களுக்கு, ஒரு பூமாலைக் கடையிலிருந்து

சிங்கப்பூரில் சிறு கடைகளுக்கு இணையத்தளம் வடிவமைத்துத் தரும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

தேக்கா வட்டாரத்தில் பூமாலைக் கடை நடத்துகிறேன். எங்களைப் போன்ற கடைகளுக்கு எப்படித் தளம் தயாராகிறது, எவ்வளவு அவசரத்தில் ஒப்படைக்கப்படுகிறது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். 2017ல் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசாங்கத்தின் எஸ்எம்இஸ் கோ டிஜிட்டல் திட்டம் வந்ததிலிருந்தே "இணையத்துக்கு வாருங்கள்" என்ற அழைப்பு இருந்தது. கொவிட் காலத்தில் அது இன்னும் பலமாகக் கேட்டது. சரியென்று வந்துவிட்டோம், பணமும் கட்டிவிட்டோம். இப்போது உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். தளத்தை ஒப்படைக்கும் நாளில், அதை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுங்கள். அவர் ஆர்டர் செய்வதையும் அந்த ஆர்டர் எங்கள் கைக்கு வந்து சேர்வதையும் எங்கள் கண்முன்னே காட்டுங்கள். கடைசித் தவணையை அப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதை எழுத வைத்தது தை மாத முகூர்த்த நேரத்தில் நடந்தது. ஒரு கல்யாணப் பெண்ணின் அக்கா கடைக்கு வந்தார். மாலை வாங்க வரவில்லை, கேள்வி கேட்க வந்திருந்தார். "ஏன்க்கா, முடியாதுன்னா முடியாதுன்னு ஒரு பதில் போடக்கூடாதா?" என்றார். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மாலை, சம்பந்திகளுக்கு மாலை, தலைக்குச் சரம் என்று எல்லாவற்றையும் எங்கள் தளத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். "நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம்" என்று திரையில் வந்திருக்கிறது. அதை நம்பிக் காத்திருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் வேறு கடையில் கொடுத்திருக்கிறார்கள். அப்படி ஒரு ஆர்டர் வந்ததே எனக்குத் தெரியாது.

அவருடைய கைப்பேசியிலேயே இருவருமாகத் தளத்தை முதலிலிருந்து பார்த்தோம். பக்கம் திறக்கவே நேரமாயிற்று. முகப்பில் பெரிய பெரிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. முதல் படம் யாரோ எங்கோ எடுத்த ரோஜாப் பூங்கொத்து. நாங்கள் பூங்கொத்து கட்டுவதே இல்லை. தமிழ்த் தலைப்பில் 'மாலை' என்ற சொல்லின் ஐகாரக் கொம்பு லகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. விலை எங்குமே இல்லை. அப்புறம் அந்தப் படிவம். முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டும் கட்டாயம். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அவர் ஒரு புள்ளி வைத்துச் சமாளித்திருக்கிறார். அடுத்து 'மாநிலம்' என்று ஒரு கட்டம், அதுவும் கட்டாயம். தட்டினால் அமெரிக்க மாநிலங்கள் வரிசையாக வருகின்றன. முதலில் நின்ற அலபாமாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். சிராங்கூன் சாலையில் இருக்கும் கோயிலில் கல்யாணம். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு ஒன்றே போதும், எந்தக் கட்டடம் என்று தெரிந்துவிடும். அதைக் கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை. கடைசியாக, எழுதுபவர் மனிதர்தானா என்று சோதிக்கப் போக்குவரத்து விளக்கு இருக்கும் படங்களைத் தட்டச் சொல்லியிருக்கிறது.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு ஒருவர் எங்களிடம் ஆர்டர் கொடுத்தார். அது போய்ச் சேர்ந்தது, தளத்துக்கு அடிப்படையாக எடுத்த ஆயத்த அச்சான வார்ப்புருவில் மாதிரிக்காக எழுதி வைத்திருந்த ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு. அதை எங்கள் முகவரியாக மாற்ற, எங்கள் தளத்தைச் செய்துதந்த நிறுவனத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டபோது, பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தால் சரிசெய்து தருவதாகப் பதில் வந்தது. இதே வழியில் இன்னும் எத்தனை கல்யாண வீட்டார் எழுதிவிட்டு, எங்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு போனார்களோ!

மாலை வாங்க வருபவர் கேட்பது என்னவென்று எங்கள் கடையில் அரைமணி நேரம் நின்றால் தெரிந்துவிடும். சம்பங்கியா, ரோஜாவா? எவ்வளவு? முகூர்த்தத்துக்கு முன்னால் கோயிலுக்கே கொண்டுவந்து தருவீர்களா? எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? நீங்கள் கட்டிய மாலையின் படம் இருக்கிறதா? இந்த ஐந்துக்கும் முதல் திரையிலேயே பதில் இருந்து, பக்கத்தில் வாட்ஸ்அப் பொத்தானும் தட்டினால் அழைக்கும் தொலைபேசி எண்ணும் இருந்தால் போதும். எங்களிடம் விசாரிப்பவர்களில் பெரும்பாலோர் வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறார்கள். முன்பணத்தை, கைப்பேசியிலேயே வங்கிப் பணம் அனுப்பும் பேநவ் சேவையில் அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் எங்கள் தளத்தில் அந்தப் படங்களை அடுத்து வருவது "எங்கள் தொலைநோக்கு" என்ற ஒரு பத்தி. நாங்கள் எழுதிக் கொடுத்தது இல்லை அது.

பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் திரையில் தெரிந்துவிட வேண்டும் என்று கூகல் அளவு வைத்திருப்பது உங்களுக்குத் தெரியாததா? கேமராவிலிருந்து வந்த படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றினால் அது எப்படி நடக்கும்? விலைப்பட்டியலைப் படமாக ஒட்டிவிட்டால் அதைத் தேடுபொறி சரியாகப் படிக்காது, கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் செயலிக்கும் எட்டாது. இவை உங்கள் தொழிலின் அரிச்சுவடி. பூக்காரி சொல்லித் தரும்படியா இருக்க வேண்டும்?

எங்கள் கடை மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். தெரிந்தவர் ஒருவர் முறுக்கு, அதிரசம் செய்து விற்கிறார். அவருடைய தளம், பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் தானாகவே 9 விழுக்காடு பொருள் சேவை வரியைச் சேர்த்தது. ஆண்டுக்கு 1 மில்லியன் வெள்ளிக்கு மேல் விற்றால்தான் அந்த வரிக்குக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அவர் பதிவு செய்தவர் அல்ல. பதிவில்லாமல் அந்த வரியை வசூலிப்பது சட்டப்படி குற்றம். பதிவு செய்த கடையாகவே இருந்தாலும், பொதுமக்களுக்குக் காட்டும் விலையில் வரி சேர்ந்தேதான் இருக்க வேண்டும். வாங்க வந்தவர் கடைசிப் பக்கத்தில் தொகை ஏறுவதைப் பார்த்ததும் மூடிவிட்டுப் போய்விடுவார். வெளியூர் வார்ப்புருவை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, இந்த ஊர்க் கடைக்காரர் தலையில் கட்டினால் இப்படித்தான் ஆகும்.

இதற்கு நடுவில் மாதாமாதம் ஓர் அறிக்கை வருகிறது. தளத்துக்கு இத்தனை பேர் வந்தார்கள், சென்ற மாதத்தைவிட இவ்வளவு கூடுதல் என்று கோடு மேலே ஏறுகிறது. அதில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற வரி மட்டும் எந்த மாதமும் இருப்பதில்லை. வாசலில் கூட்டம் நிற்கும்போது கதவை உள்ளே பூட்டிவைத்த கதைதான் இது. அதற்கும் நாங்கள்தான் கட்டணம் செலுத்துகிறோம்.

இணைய முகவரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில கடைகளுக்கு அது நிறுவனத்தின் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. நிறுவனத்தை மாற்ற நினைத்தால் முகவரியையே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. அதைக் கடைக்காரர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். தமிழிலேயே '.சிங்கப்பூர்' என்று முடியும் முகவரி இந்த நாட்டில் கிடைக்கிறது. எங்களில் ஒருவரிடமாவது அதை நீங்கள் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

கோபத்தில் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் நேர்மையாக வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். பூ ஒரு நாள் தாமதமானால் வாடிவிடும், கல்யாணம் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காது. அதனால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். தயவுசெய்து உங்கள் அடுத்த ஒப்பந்தத்திலிருந்தே இதை ஒரு நிபந்தனையாகச் சேருங்கள்: வெளியாள் ஒருவர் கைப்பேசியில் ஆர்டர் செய்து, அது கடைக்காரருக்கு வந்து சேர்ந்ததை இருவரும் பார்த்த பிறகே கடைசித் தவணை. ஏற்கெனவே ஒப்படைத்த தளங்களையும் ஒருமுறை இப்படிச் சோதித்துப் பாருங்கள். பழைய வாடிக்கையாளர்களிடம் அதற்குத் தனிக் கட்டணம் கேட்காதீர்கள்.

பதிலை எதிர்பார்க்கும்,
தேக்கா மாலைக் கடைக்காரி