ஐந்து பொட்டலங்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களே,

வியாழக்கிழமை இரவு நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள், மற்றவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் தொல்லியல் வகுப்புப் பிள்ளைகள் கண்காட்சிக்காக வைத்திருந்த ஐந்து பானைகளும் உடைந்து, ஓடுகள் வகுப்பறைத் தரையெங்கும் சிதறிவிட்டன. அதற்குமேல் எழுத எனக்கு மனம் வரவில்லை. எப்படியோ கண்காட்சி நடந்துவிட்டது. ஐந்து குழுக்களும் ஒட்டிய பானைகளோடு நின்றார்கள். நேற்றிரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன், எழுந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

பிள்ளைகள் மணலில் தோண்டிப் பழகும் அகழ்குழிப் பெட்டிகளை மீண்டும் ஆணியடித்துக் கொடுத்தவர், மூன்று நிற மணலைச் சலித்துத் தந்த பெற்றோர்கள், பாடவேளைகளை விட்டுக்கொடுத்த சக ஆசிரியர்கள், மாதிரிக் கல்லாயுதங்களை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளச் சொன்ன அருங்காட்சியக நண்பர்கள், விடியும்வரை பசையும் கையுமாக உட்கார்ந்திருந்த பழைய மாணவர்கள் என எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஒவ்வொருவரையும் தேடி வந்து சொல்வேன்.

இந்த மடல் முதலில் போய்ச் சேர வேண்டியது எங்கள் வகுப்பறையைக் கூட்டிப் பெருக்கும் அக்காவுக்கு.

வெள்ளிக்கிழமை காலை கதவைத் திறந்தபோது தரை சுத்தமாக இருந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஓடுகளெல்லாம் குப்பைக்குப் போய்விட்டன என்றுதான் நினைத்தேன். போகாவிட்டாலும் ஒன்றாகக் கலந்திருந்தால் கதை முடிந்தது. ஐந்து பானைகளும் ஒரே சிவப்பு, ஒரே கனம். எந்தத் துண்டு எந்தப் பானையுடையது என்று பிரிக்கவே வாரக்கணக்கில் ஆகும்.

மேசைமேல் ஐந்து செய்தித்தாள் பொட்டலங்கள் இருந்தன. ஒவ்வொன்றின்மேலும் பென்சிலால் ஒரு படம்: கதவு, ஜன்னல், கரும்பலகை, அலமாரி, நடுவில் கிடந்தவற்றுக்கு மின்விசிறி. எந்த இடத்தில் பொறுக்கினாரோ அதன் அடையாளம்.

“ஒரேயடியாக அள்ளியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும் சார். எது எங்கே கிடைத்தது என்று பிள்ளைகள் எழுதிவைப்பதைத் தினமும் பார்க்கிறேனே, அதனால்தான் தனித்தனியாகக் கட்டினேன்” என்றார் அக்கா.

தொல்லியலில் நான் கற்றுக்கொடுக்க நினைத்ததே இதுதான். ஒரு பழைய பானை எவ்வளவு அழகாக இருந்தாலும், அது அடுப்படியில் கிடந்ததா கல்லறையில் வைக்கப்பட்டதா என்று தெரியாவிட்டால், அதைப் புழங்கியவர்களைப் பற்றிப் பாதிகூடச் சொல்லாது. பொன்னையும் சிலையையும் தேடி, உடைந்த ஓடுகளைப் பலர் வீசியெறிந்த காலத்தில், 1890இல் பாலஸ்தீனத்தின் தெல் எல்-ஹெசி மேட்டில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி அந்த ஓடுகள் எந்த மட்டத்தில் கிடைத்தன என்று பார்த்தார். அவற்றை வைத்தே மண்ணடுக்குகளின் காலத்தைக் கணித்தார். பாடப்புத்தகத்தில் இதை ஒரு பத்தியாகப் படித்துவிட்டு மறந்துவிடலாம். உடைந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவி, சக்கரத்தில் சுழன்றபோது உட்புறத்தில் பதிந்த குயவரின் விரல் வரிகள்மேல் தன் விரலை வைத்துப் பார்த்த பிள்ளை மறக்காது. ஜன்னல் பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரு சிறுமி “இது எங்கள் பானையின் கழுத்து!” என்று கத்தினாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஸ்பெயினின் அல்தமிரா குகையில் 1879இல் தந்தை தரையைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, தலையை உயர்த்திக் கூரையில் காட்டெருமை ஓவியங்களைக் கண்டவள் 8 வயது மகள் மரியா. ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கதையைச் சொல்கிறேன், பார்க்கத் தெரிந்தால் போதும், வயதும் பட்டமும் வேண்டாம் என்கிறேன். கதவருகே துடைப்பத்தோடு ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை மட்டும் நான் கவனிக்கவில்லை. அக்கா, அதற்காக என்னை மன்னிக்க வேண்டும். இனி இந்த வகுப்பு நடக்கும் நாளெல்லாம் உங்களுக்கும் உள்ளே ஓர் இடமும் ஒரு தூரிகையும் இருக்கும். தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன்.

ஐந்தாவது பானையின் விளிம்பில் ஒரு துண்டு இன்னும் கிடைக்கவில்லை. அலமாரியை நகர்த்திப் பார்க்கலாம் என்று அக்கா இன்று காலை சொல்லியிருக்கிறார்.