சைலன்சரில் கை வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய புல்லட்டை வாங்கி, வீட்டு ஷெட்டிலேயே பிரித்துப் பூட்டும் இளைஞர்களைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. 1955இல் சென்னையில் தயாரிப்பு தொடங்கிய வண்டி அது; திருவொற்றியூர்க்காரனான எனக்கு ஊர்ச் சொத்து மாதிரி. ஆனால், எஞ்சினைத் தொடும் முன்பே சைலன்சரைக் கழற்றிவிட்டு, தெருவே அதிரும் குழாயை மாட்டுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

முதலில் பாயின்ட் செட்டை, அதாவது தீப்பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனைகளைக் கவனியுங்கள், தம்பிகளே. முனைகள் முழுதாகத் திறக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கிக்கரை மெல்ல அழுத்துங்கள். மின்னோட்டம் காட்டும் ஆம்ப்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும், சிலிண்டர் அழுத்தத்தைக் குறைக்கும் டிகம்ப்ரஸரைப் பிடித்து, கிக்கரைக் கொஞ்சம் தாண்டவிட்டு, டிகம்ப்ரஸரை விட்டுவிட்டு, ஒரே உதை. நன்றாகப் பராமரித்த வண்டி அதிலேயே பிடித்துக்கொள்ளும். அந்தத் 'தட் தட்' சத்தத்துக்கு வேறு குழாய் எதற்கு?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பதிவுச் சான்றில் உள்ள மூல அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தராது; 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சரி, பாதுகாப்புக்காகச் செய்யும் மாற்றங்கள்? 6 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டாக்குவது, முன் பிரேக்கை மேம்படுத்துவது போன்றவற்றில் எது கூடும், எது கூடாது என்று சாதாரண மெக்கானிக்குக்கும் புரியும் தமிழில் எழுதி, ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் போக்குவரத்துத் துறை ஒட்டிவைக்க வேண்டும்.

— ஒரு வாசகர், திருவொற்றியூர்