டேக்வாண்டோ வகுப்பு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள மாணவ மாணவியருக்குச் செவ்வாய், வியாழன் மாலைகளில் டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலைப் பயிற்சி தொடங்கவிருக்கிறோம். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னதுமே கேள்விகள் குவிந்துவிட்டன. "கராத்தே மாதிரிதானே சார்?" "சிலம்பம் இருக்கும்போது கொரியாக் கலை எதுக்கு?" "எத்தனை மாசத்துல பிளாக் பெல்ட் கிடைக்கும்?" அன்று நேரம் போதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சிலம்பத்துக்கு ஒன்றும் ஆகாது. புதன்கிழமை வகுப்பு வழக்கம்போல நடக்கும். கராத்தே கேள்விக்குத்தான் கொஞ்சம் வரலாறு பேச வேண்டியிருக்கிறது.

டேக்வாண்டோ விளம்பரங்களில் "இரண்டாயிரம் ஆண்டுப் பழமை" என்று அடிக்கடி பார்க்கலாம். பல வருடம் வரலாறு நடத்தியவன் என்பதால் அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. கொரியாவில் பழைய சண்டைக் கலைகள் இருந்தது உண்மை. கோகுரியோ என்ற பழங்கால அரசின் கல்லறை ஓவியங்களில் இருவர் எதிரெதிரே நின்று மோதுகிறார்கள். 1790-இல் ஜொங்ஜோ மன்னரின் ஆணைப்படி தொகுத்த போர்க்கலை நூலில் வெறுங்கைச் சண்டைக்கும் இடம் உண்டு. காலால் தட்டியும் இடறியும் ஆடும் தேக்கியோன் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2011-இல் யுனெஸ்கோ அதைத் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் நம் பிள்ளைகள் கற்கப்போகும் டேக்வாண்டோ இவற்றிலிருந்து நேராக இறங்கி வந்ததல்ல. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. ஜப்பானுக்குப் படிக்கப்போன கொரிய இளைஞர்கள் சிலர் அங்கே கராத்தே கற்றார்கள். அவர்களில் ஒருவரான லீ வொன் குக், 1944-இல் சியோலில் சுங் தோ க்வான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். விடுதலைக்குப் பிறகு இன்னும் பல க்வான்கள் முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை, ஒரு பெயர். 1955-இல் ஜெனரல் சோய் ஹோங் ஹி முன்வைத்த பெயர்தான் டேக்வாண்டோ. கைக்கு இருந்த முதலிடத்தைக் கால் பிடித்துக்கொண்டது அடுத்தடுத்த ஆண்டுகளில்தான். 1972-இல் சியோலில் குக்கிவான் என்ற தலைமையகம், 1973-இல் உலகக் கூட்டமைப்பு, 1988 சியோல் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டு, 2000 சிட்னியில் பதக்க விளையாட்டு. சோய் 1966-இலேயே தனிக் கூட்டமைப்பு தொடங்கி, பிறகு கனடாவுக்குப் போய்விட்டார். அதனால் இன்றும் இரண்டு பிரிவுகள் உண்டு. நம் பள்ளியில் நடப்பது குக்கிவான் முறை.

ஆக, "கராத்தே மாதிரிதானே" என்று கேட்டவர் பாதி சரி. ஆக்கிரமித்தவன் நாட்டில் கற்றதை ஒரு தலைமுறைக்குள் தனதாக்கி உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். இரண்டாயிரம் ஆண்டுக் கதையைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மரியாதை, நேர்மை, விடாமுயற்சி, தன்னடக்கம், தளராத மனம் என்று ஐந்து நெறிகளைச் சோய் வகுத்தார். நெறிகளைச் சுவரில் எழுதி மாட்டினால் என்ன நடக்கும் என்பது நம் வகுப்பறைச் சுவர்களுக்கே தெரியும். எனக்கு நம்பிக்கை தருவது பயிற்சி நடக்கும் விதம். எதிரில் நிற்பவரை வணங்கித்தான் தொடங்க வேண்டும். 'சிஜாக்' என்றால் தொடக்கம். 'குமான்' என்றால் நிறுத்தம். குமான் சொன்ன நொடியில், கால் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், எவ்வளவு கோபம் இருந்தாலும், ஆட்டம் நின்றாக வேண்டும். பதின்மூன்று வயதில் இது எவ்வளவு கடினம் என்று வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பூம்சே என்பது எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவு வரிசை. முதல் பாடம் தேகுக் இல் ஜாங். இடப்பக்கம் திரும்பி, கையைக் கீழே வீசி ஒரு தடுப்பு. ஓரடி முன்னே வைத்து ஒரு குத்து. முழுதாக வலப்பக்கம் திரும்பி அதையே மறுபடி. கடைசிக் குத்தில் வயிற்றிலிருந்து ஒரு சத்தம். அதைக் கிஹாப் என்பார்கள். இப்படி எட்டுப் பாடங்கள்: வானம், ஏரி, நெருப்பு, இடி, காற்று, நீர், மலை, நிலம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. இவற்றில் நான்கின் குறிகள் தென்கொரியக் கொடியின் நான்கு மூலைகளிலும் இருக்கின்றன. பிள்ளைகளிடம் எவை என்று கேட்டுப் பாருங்கள்.

இனி, பலன். மார்க் கூடும் என்று நான் எழுதித் தரமாட்டேன். உடம்புக்கு நல்லது என்பதைத் தயங்காமல் சொல்வேன். முட்டியை மடக்கித் தூக்கி, ஊன்றிய பாதத்தைத் திருப்பி, உதைத்து, மறுபடி மடக்கிய பிறகே காலைக் கீழே வைக்க வேண்டும். இதை மெதுவாகச் செய்யச் சொன்னால் நம் பிள்ளைகளில் பாதிப் பேர் தள்ளாடுவார்கள். இடுப்பும் தொடையும் வளையும், சமநிலை வரும், மூச்சு சீராகும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை நாற்பது பேர் முன்னால் கிஹாப் போடுவதும் சின்ன விஷயமில்லை.

செலவும் அதிகமில்லை. ஆப்கானிஸ்தானுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்த ரோஹுல்லா நிக்பாய் (2008, வெண்கலம்), ஈரானில் அகதியாக இருந்தபோது இதில் வளர்ந்தவர். கைக்குறை உள்ள மகளைச் சேர்க்கலாமா என்று ஒரு தாய் கேட்டார், தாராளமாகச் சேர்க்கலாம். டோக்கியோ பாராலிம்பிக்கில் இந்தியாவுக்காக டேக்வாண்டோ ஆடிய அருணா தன்வர், கைக்குறையோடு பிறந்தவர்தான்.

தற்காப்புக்காக அனுப்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போட்டியில் முகத்தில் குத்தக்கூடாது, இடுப்புக்குக் கீழே உதைக்கக்கூடாது. தெருவில் வம்புக்கு வருகிறவனுக்கு அந்த விதியெல்லாம் கிடையாது. ஆகவே கத்துவது, ஓடுவது, நம்பிக்கையான பெரியவரிடம் உடனே சொல்வது ஆகியவற்றையும் சேர்த்தே கற்றுத்தரச் சொல்லியிருக்கிறேன்.

பெல்ட் விஷயம்: மாஸ்டர் தயார் என்று சொன்னால்தான் தேர்வு, மாதக் கணக்கு கிடையாது. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் குக்கிவான் கொடுப்பது 'பூம்' என்ற இளையோர் தகுதிதான். அந்தப் பெல்ட் பாதி சிவப்பு, பாதி கருப்பு. எட்டு வயதுக்கே முழுக் கருப்புப் பெல்ட் தருகிறோம் என்று யாராவது சொன்னால் பர்ஸைத் திறக்கும் முன் யோசியுங்கள்.

நம் பள்ளியில் தலையில் உதைக்கும் பயிற்சியும் பலகை உடைப்பும் கிடையாது. மார்புக் கவசமும் தலைக் கவசமும் இல்லாமல் யாரும் மோதமாட்டார்கள். முதல் பருவத்துக்குப் பி.டி. உடுப்பே போதும். நகம் வெட்டியிருக்க வேண்டும். கம்மல், வளையல், கயிறு எதுவும் வேண்டாம். மதியம் சரியாகச் சாப்பிடாத பிள்ளையை அன்று உட்காரவைத்துவிடுவோம். மாதவிடாய் நாட்களில் வருவதும் ஓய்வெடுப்பதும் மாணவியின் விருப்பம், காரணம் கேட்கமாட்டோம்.

ஒப்புதல் படிவத்தை வரும் வெள்ளிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, பழைய எலும்பு முறிவு இருந்தால் மறைக்காமல் எழுதி, மருத்துவர் சீட்டையும் இணையுங்கள். வகுப்பு 5.15-க்கு முடியும். அழைத்துப்போக வருபவர் பெயரைப் படிவத்தின் பின்பக்கம் குறிப்பிடவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்